கம்பி மாற்றினால் போதாது, கோட்டமும் எடுக்க வேண்டும்

சைக்கிளில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். பின்சக்கரத்தில் 40 கம்பி இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்ற தைரியம். பழைய 28 அங்குல வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40 என்பது சரிதான். ஆனால் கம்பிகள் ரிம்முக்கு முட்டுக் கொடுத்து நிற்கவில்லை. கொடிக்கம்பத்தை நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளைப் போல இழுத்துப் பிடிக்கின்றன. இடப்பக்கக் கம்பி அறுந்தால் அந்த இடத்தில் ரிம் வலப்பக்கம் போகும். பழைய வண்டிகளின் ராடு பிரேக், ரிம்மின் உள்விளிம்பைப் பிடிப்பதால் இந்தக் கோட்டம் சட்டென்று தெரியாது. பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக் என்றால் சுற்றுக்கு ஒரு முறை உரசிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பி அறுவதற்கு அதிக இறுக்கமே காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் தளர்வு. சக்கரம் உருளும்போது, தரைக்கு நேராக வரும் கம்பியின் இழுவை சற்றே குறைந்து மீள்கிறது. 28 அங்குலச் சக்கரத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை இது நடக்கும். இறுக்கமான கம்பி தாக்குப்பிடிக்கும். தொளதொளத்தது, ஹப் துளைக்குள் அசைந்து அசைந்து, தலையை ஒட்டிய வளைவில் அறுந்துபோகும்.

புதுக் கம்பி அதே நீளம், அதே கனத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கம்பிகள் ஒன்றின் மேலும் கீழுமாகப் போகும் பின்னலைப் பார்த்து அப்படியே கோக்க வேண்டும். பல்சக்கரப் பக்கம் அறுந்திருந்தால் பிரீவீலைக் கழற்றாமல் பெரும்பாலும் முடியாது. கடைக்காரர் கூடுதலாகக் கேட்கும் கூலி அதற்குத்தான், நியாயமானதும்கூட.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. கம்பியை ரிம்மோடு பிணைக்கும் திருகான நிப்பிளை, டயர் பக்கமிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் கம்பி இறுகும். ஹப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அது தலைகீழ். வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது. ரிம் இடப்பக்கம் போனால் அங்குள்ள வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் அரைச் சுற்று, முழுச் சுற்று என்று போனால் கோட்டம் இடம் மாறுமே தவிரப் போகாது. கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து, அதே பக்கத்துக் கம்பிகளின் ஒலியோடு ஒப்பிடுவது நல்ல வழி.

சிலர் எதிர்ப்பக்கக் கம்பிகளை மட்டும் தளர்த்தியே சக்கரத்தை நேராக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வழியில் கம்பி அறுந்தால் வீடு வந்து சேர அது உதவும்; பழுதுபார்த்ததாகச் சொல்ல முடியாது. அந்தத் தளர்வே அடுத்த கம்பியை அறுக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று அறுந்தால், பழைய கம்பிகள் எல்லாமே களைத்துவிட்டன என்று கொண்டு முழு செட்டையும் மாற்றுவதே சிக்கனம்.

டயரை மாட்டும் முன், நிப்பிளைத் தாண்டி நீட்டியிருக்கும் கம்பி முனையை அரத்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் டியூப் பஞ்சராகும். சில நாள் ஓட்டியபின் இறுக்கத்தை மறுபடி ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.