பாட்டுச் செற் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

பத்திரிகைக்காரனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பலவகை. மரண அறிவித்தல் போடவேண்டும் என்பார்கள், வீதி திருத்தப்படவில்லை என்பார்கள், போட்ட செய்தி பிழை என்றும் ஏசுவார்கள். இப்போது அவற்றோடு புதிய வகையொன்றும் சேர்ந்திருக்கிறது. "சேர், டீஜே தொழில் தொடங்கப்போறன், எந்த மெசின் வாங்கலாம்?" என்பதே அது. பழைய ஒலிபெருக்கிக்காரர்களைப் பற்றி நான் முன்பு எழுதியவற்றை வாசித்துவிட்டு, இந்த மனிதருக்குக் கருவிகளைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள் போலும்.

அண்மையில் அழைத்த இளைஞர் படுவான்கரையைச் சேர்ந்தவர். லீசிங்கில் பணமெடுத்து, பயனியர் நிறுவனத்தின் பெரிய பிளேயர்கள் இரண்டும் மிக்சர் ஒன்றும் வாங்கப் போவதாகச் சொன்னார். "பெரிய பயனியர் இல்லாட்டி மண்டபத்துக்காரங்க மதிக்கிறாங்க இல்ல சேர்" என்பது அவருடைய நியாயம். வேண்டாம் தம்பி என்றேன். ஏன் வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அவரைப் போன்று இன்னும் பலர் இருப்பதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வாவிக்கரைக்கு ஒலிபெருக்கித் தொழில் புதிதல்ல. தென்னையில் புனல் கட்டி, இசைத்தட்டுச் சுழற்றி, விடியற்காலையில் பக்திப் பாடலும் மாலையில் சினிமாப் பாடலும் போட்டவர்கள்தாம் எங்களுடைய முதல் டீஜேக்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கம், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, சாமத்திய வீடு, கல்யாணம் என்று வருடம் முழுவதும் அவர்களுக்கு வேலை இருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் போலக் குரலை ஏற்றியிறக்கி அறிவிப்புச் செய்வதும் அவர்களே. இன்றைக்கும் எங்கள் பக்கத்து டீஜேயின் வேலையில் பாதி அறிவிப்புத்தான். சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டும், மாமன்மாரை மேடைக்குக் கூப்பிட வேண்டும், யாரோ தவறவிட்ட மோட்டார்சைக்கிள் சாவியையும் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய இரவு விடுதியில் நின்று பாட்டுக் கலக்குபவருக்கு இந்த வேலைகள் கிடையா. அவருக்காகச் செய்யப்பட்ட கருவி எங்களுக்கும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இறுவட்டுக் காலத்தை எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் டெனொன் நிறுவனம், இரண்டு வட்டுகளைப் போட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியைக் கொண்டுவந்தது. 1994இல் பயனியரின் சி.டி.ஜே. 500 வந்தது. 2001இல் வந்த சி.டி.ஜே. 1000 தான் பெரிய மாற்றம். இசைத்தட்டைக் கையால் தள்ளியும் இழுத்தும் வித்தை காட்டியதுபோல இறுவட்டையும் செய்யலாம் என்று அது காட்டியது. அதன் பின்னர் உலகத்து மேடைகளெல்லாம் பயனியர் மயமாயின. எங்கள் இளைஞர்களுக்கு அந்தப் பெயர்மீது மயக்கம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் இறுவட்டு என்பது கண்ணாற் படிக்கப்படும் பொருள். லேசர் ஒளி சிறிய வில்லையொன்றின் ஊடாகச் சென்று வட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய குழிகளைப் படிக்கவேண்டும். வில்லையில் உப்புப் படலம் ஏறினால் படிக்காது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் பனிபிடித்துப் படிக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி உள்ளே போனாலும் படிக்காது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்று இரண்டு உப்பு நீருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் அந்தக் கண் எத்தனை வருடம் தெளிவாக இருக்கும்? வாவியைக் கடப்பது வேறு கதை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அந்தப் பக்கத்துச் சாமான் முழுவதும் 'பாதை'யில்தான் போய்வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதில் ஏற்றி இறக்கிய பெட்டிக்குள் வில்லை இருந்த இடத்திலேயே இருந்தால் அது அம்மன் புண்ணியம்.

இன்றைக்கு யாராவது பழைய இறுவட்டுக் கருவியை விற்க வந்தால், தொழிலுக்கென்று அதை வாங்காதீர்கள். லேசர் பகுதி பழுதானால் மாற்றுப் பகுதி தேடுவது பெரும்பாடு. 2020இல் வெளிவந்த சி.டி.ஜே. 3000இல் இறுவட்டுப் போடும் துவாரமே இல்லை. பெயரில் மட்டும் சி.டி. இருக்கிறது. பென்ட்ரைவையும் எஸ்.டி. அட்டையையும் கணினி வலையமைப்பையும் கொண்டே அது இயங்குகிறது.

அந்தக் கருவியொன்றின் அறிமுக விலை 2,299 அமெரிக்க டொலர். பாட்டைக் கலக்க இரண்டு வேண்டும், ஆகவே 4,598 டொலர். மிக்சர் வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபா வரை போனதை நாம் மறந்துவிடக் கூடாது. பழுதானால் மாற்றுப் பகுதியும் டொலரில்தான் வரும். தொழில்காரர் வாங்கும் கூலியோ ரூபாவில்.

இந்த மாவட்டத்தில் கடன் என்ற சொல்லை நான் இலேசாக எழுதமாட்டேன். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. வாராவாரம் வாசலில் வந்து நின்ற வசூல்காரருக்குப் பயந்து பின்கதவால் போன தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதே வீடுகளின் பிள்ளைகள்தாம் இன்று டீஜே ஆகிறார்கள். மாரியில் மழையும் வெள்ளமும் வந்தால் வாரக்கணக்கில் கொண்டாட்டம் இருக்காது. தவணைக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? என்னைக் கேட்டால், மடிக்கணினியோடு இணைத்து இயக்கும் சிறிய கொன்ட்ரோலர் ஒன்றே தொடங்குபவருக்குப் போதும். டி.டி.ஜே. எப்.எல்.எக்ஸ். 4 என்று 2022இன் முடிவில் ஒன்று வந்தது. பயனியர் பெயர்தான் வேண்டுமென்றால் அதிலும் அந்தப் பெயர் இருக்கிறது! அறிமுக விலை 300 டொலர் அளவில்தான். நிறை இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். மோட்டார்சைக்கிளில் முதுகுப் பையிற் போட்டுக்கொண்டு போகலாம். மற்ற நிறுவனங்களும் இதே தரத்திற் செய்கின்றன.

விலையைவிட முக்கியமான காரணம் மின்சாரம். இவ்வகைச் சிறிய கொன்ட்ரோலருக்குத் தனியாக மின்னிணைப்பு வேண்டியதில்லை, மடிக்கணினியின் யூ.எஸ்.பி. கம்பியூடாகவே மின்னைப் பெற்றுக்கொள்ளும். மின்பிறப்பாக்கி எண்ணெய் தீர்ந்து நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி ஊமையாகும். ஆனால் மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும், கொன்ட்ரோலரும் அப்படியே. மின் வந்த கணமே பாட்டு மீண்டும் கேட்கும். சுவர் மின்னில் ஓடும் பெரிய பிளேயர்களோ அணைந்து, மீண்டும் விழித்து, பென்ட்ரைவைத் திரும்பப் படித்துத்தான் தொடங்கவேண்டும். யூ.பி.எஸ். ஒன்றை இடையிற் போட்டால் இதைத் தவிர்க்கலாம்; அதையும் சுமக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. அப்படிப்பட்ட நாள் இனி வராது என்று நான் எழுதித்தர மாட்டேன்.

மடிக்கணினி பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேறு வேலைக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அதே கணினியைப் பாவித்தால் நிற்கத்தான் செய்யும். தொழிலுக்கென்று ஒன்றை ஒதுக்கி, இணையத்தைத் துண்டித்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே நிறுத்திவையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு மணிநேரத்துக்கான பாட்டை ஏற்றி, அதன் கம்பியை மிக்சரின் மற்றொரு வழியிற் செருகித் தயாராக வைத்திருங்கள். கையில் பணமும் தொழிலும் சேர்ந்த பிறகு, கணினியே தேவைப்படாமல் உள்ளே மின்கலத்தோடு வரும் கருவிகளை யோசிக்கலாம். டெனொனின் பிரைம் கோ 2020இல் அவ்வாறு வந்தது, நான்கு மணிநேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்று நிறுவனம் சொன்னது. 2024இல் அல்பாதீற்றா நிறுவனமும் ஒம்னிஸ் டுவோ என்று ஒன்றை இறக்கியது. எங்கள் நிலத்துக்குப் பொருத்தமான போக்கு இதுதான். ஆனால் முதற் கருவியாக வாங்கும் விலையில் இவை இல்லை.

மிச்சப்படும் காசை எங்கே போடுவது? ஒலிபெருக்கிப் பெட்டியிலும், மின்பிறப்பாக்கியிலும், மைக்கிலும். விருந்தினர் எவரும் மேசைக்குப் பின்னால் வந்து கருவியின் பெயரைப் பார்ப்பதில்லை. மணமகளின் தகப்பனார் பேசும்போது மைக் இரைந்தால் ஊரே பார்க்கும். சிறிய கொன்ட்ரோலர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு மைக் துவாரந்தான் உண்டு. ஒலி வெளியேறும் வழியும் ஆர்.சி.ஏ. எனப்படும் சாதாரண வகை. அந்தக் கம்பியைக் கோயில் வீதி நீளத்துக்கு இழுத்தால் மின்பிறப்பாக்கியின் உறுமல் முழுவதும் அதில் ஏறிவிடும். ஆகவே சிறிய மிக்சரொன்றை இடையில் வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். கம்பியில் பெட்டிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒலியை இரண்டு இழைகளில் எதிரெதிராக அனுப்பி, வழியிற் சேர்ந்த இரைச்சலை மறுமுனையிற் கழித்துவிடுவது அந்தக் கம்பியின் சூட்சுமம்.

நேரத்தையும் கவனிக்கவேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கட்டளையிட்டது. வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கு அது. விதிவிலக்குகள் உண்டென்றாலும் கல்யாண வீட்டு டீஜேக்கு மாலை நேரமே தொழில் நேரம். அதில் இருபது நிமிடம் கருவியோடு மல்லுக்கட்டினால் பேசிய கூலி குறையும்.

இனி, இறுவட்டுக் கருவியை வீசுவதற்கு முன்னர் அதனிடம் வாங்கவேண்டிய கடைசி வேலை ஒன்றுண்டு. எங்கள் பகுதியில் 2000ஆம் ஆண்டுகளில் எத்தனை கோயில்களுக்கு உள்ளூர்க் கலைஞர் பாடல் இறுவட்டு வெளியிட்டார்கள்! வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அரங்கேற்ற இரவிலேயே பதிவுசெய்து வட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனைபேர்! அவற்றிற் பெரும்பாலானவை வீட்டுக் கணினியில் எழுதப்பட்ட வட்டுகள். அவற்றின் சாயப்படலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். இணையத்தில் எந்தச் சினிமாப் பாட்டையும் நாளைக்கும் எடுக்கலாம். உங்கள் ஊர் அண்ணாவியாரின் குரலை எங்கே எடுப்பீர்கள்? வாவியில் மீன் பாடுகிறது என்ற கதையைக்கூட 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் ஆராய்ந்தார், அந்த ஒலி 1960களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதனாற்றான் வாவியில் தோணி விட்டுக் கேட்டிராதவர்களும் அதைக் கேட்டார்கள்.

ஆகவே தம்பிமாரே, வேலையில்லாத மாரி நாட்களில் ஊர் வட்டுகளைத் தேடியெடுத்து, தரம் குறையாமல், வேவ் அல்லது பிளாக் வடிவிற் கணினியில் ஏற்றி, இரண்டு இடத்திற் பத்திரப்படுத்துங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் வருடத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். சடங்கு நாளில் அந்த ஊர் அம்மன் பாடல் உங்களிடம் மட்டும் இருக்குமென்றால், அடுத்த வருடமும் உங்களையே கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் மாமன்மாருக்கும் சித்தப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. பாவித்த கருவியை ஊருக்கு அனுப்புவது நல்ல மனம். அனுப்புமுன் அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் கவலையில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்ற பழைய கருவிகள் பலவற்றில் 120 என்று மட்டுமே இருக்கும். எங்களுடையது 230. மாற்றியில்லாமற் செருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். பென்ட்ரைவ் அனுப்புவதென்றால் எப்.ஏ.டி. 32 முறையில் வடிவமைத்து அனுப்புங்கள், பழைய பிளேயர்கள் வேறு சிலவற்றைப் படிக்கமாட்டா. பெட்டியில் இடமிருந்தால் நல்ல எக்ஸ்.எல்.ஆர். கம்பிகள் நான்கையும் சேர்த்துப் போடுங்கள்.