ஐந்து பெண்களும் ஒரு வீடும்

எங்கள் வளவில் கூரை இல்லாமல் நான்கு சுவர்கள் நிற்கின்றன. அதுதான் என் வீடு. நான் ஏழாம் தரத்தில் படிக்கும்போது வாப்பா அதற்கு அத்திவாரம் போட்டார். இப்போது நான் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறேன். ராத்தாவின் வீட்டை முடிப்பதற்காக ஒன்பது வருடம் கத்தாரில் இருந்த வாப்பா, என் வீட்டுக்காகத் திரும்பவும் போயிருக்கிறார். 2022இல் சீமெந்து விலையும் கம்பி விலையும் ஏறியபோது நின்ற வேலை இன்னும் தொடங்கவில்லை. எனக்குப் பிறகு தங்கையும் இருக்கிறாள்.

தோழியரே, இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் வீட்டுக்கு வீடு இதுதான் பேச்சு. வாவிக்கு இந்தப் பக்கம் வாழும் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இங்கே கலியாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு. தங்கைமாருக்கு வீடு முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் காக்காமாரும் எத்தனையோ பேர்.

இந்தக் கவலையோடு இருந்த நாட்களில்தான் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் என் கைக்கு வந்தது. ஆங்கிலம் திருந்தும் என்று சொல்லித்தான் தந்தார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சில அத்தியாயங்கள் போனதும் அகராதி இருந்ததே மறந்துபோயிற்று.

பென்னட் என்பவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. அவர் மௌத்தானால் வீடும் நிலமும் கொலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும். சொத்து ஆண்வழியில்தான் இறங்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே தாய்க்கு இரவும் பகலும் ஒரே நினைவு: ஐந்து பேரையும் எப்படிக் கரைசேர்ப்பது? அவர் புலம்புவதை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஒழுங்கையில் அப்படி நாலு மாமிமார் இருக்கிறார்கள். சிரித்து முடிந்த பிறகுதான் யோசித்தேன். அந்தத் தாயின் பேச்சு வேடிக்கையானது. அவர் பயத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

அங்கே பெண்ணுக்கு வீடு இல்லை என்பதால் கவலை. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டும் என்பதால் கவலை. வழக்கம் நேர்மாறாக இருந்தும் இரண்டு இடத்திலும் பெண்பிள்ளை ஒரு கணக்காகவே எண்ணப்படுகிறாள். இருபத்தேழு வயது சார்லட் லூக்கஸ், எலிசபெத் மறுத்த அதே கொலின்ஸை ஏற்றுக்கொள்கிறாள். முதல் வாசிப்பில் எனக்கு அவள்மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது, அவள் தேடியது ஒரு சொந்த வீட்டை என்று விளங்கியது.

இதை எழுதியவருக்கும் சொந்த வீடு இருக்கவில்லை. 1805இல் தந்தை இறந்த பிறகு ஆஸ்டினும் தாயும் சகோதரியும் நிலையான இடமின்றி இருந்தார்கள். 1809இல் சகோதரர் ஒருவர் சோட்டன் என்ற கிராமத்தில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். அங்கிருந்துதான் அவருடைய நாவல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1813இல் வெளியான இந்த நாவலின் உரிமையை 110 பவுணுக்கு விற்றார். நூலில் அவர் பெயர்கூட இல்லை. 1817இல், 41 வயதில் காலமானார்.

"வெள்ளைக்காரியின் கதையில் நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதிய கண்டி அறிஞர் சித்திலெப்பை, கதையை எகிப்தில் தொடங்கினார். முஸ்லிம் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டவரும் அவரே. தூரத்து ஊரின் கதை நம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

"காதல் கதை மனதைக் கெடுக்கும்" என்பது அடுத்த பேச்சு. அப்படிச் சொல்பவர்கள் சார்லட் புரொண்டேயின் 'ஜேன் ஐயர்' நாவலை வாசிக்கட்டும். தாய் தகப்பன் இல்லாத ஜேனுக்குச் சிறிய தந்தையிடமிருந்து 20,000 பவுண் வருகிறது. அதை அவள் நான்காகப் பிரித்து, புதிதாகக் கிடைத்த மூன்று உறவுகளுக்கும் ஆளுக்கு 5,000 கொடுக்கிறாள். அவளுக்குப் பணத்தைவிட உறவும் ஒரு வீடும் பெரிதாக இருந்தன. தன் கையில் பணமும் தன் காலில் நிற்கும் தைரியமும் வந்த பிறகுதான் அவள் தான் விரும்பியவரிடம் திரும்பிப் போகிறாள். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

இந்த நாவல்கள் என் வீட்டுக்குக் கூரை போடவில்லை. ஆனால் பக்கத்து அறையில் உம்மா தொலைபேசியில் சீமெந்துக் கணக்குச் சொல்லும்போது, 'நான் பெண்ணாகப் பிறந்ததால்தானே இவ்வளவும்' என்று முன்பு அழுவேன். இப்போது அழுவதில்லை. பாரம் நானல்ல, வழக்கம்தான் பாரம் என்று எனக்கு விளங்கிவிட்டது. மார்க்கம் மாப்பிள்ளையைத்தான் மஹர் கொடுக்கச் சொல்கிறது. பெண் வீடு கொடுப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் நன்மையும் உண்டு. தன் பெயரில் வீடுள்ள பெண்ணை யாரும் எளிதில் வெளியே போகச் சொல்ல முடியாது. பென்னட்டின் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் வீடு என் பெயரில் என்றால், அதைப் பற்றிய பேச்சில் எனக்கும் ஓர் இடம் வேண்டும். கூரைக்காக என் படிப்பை நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

ஆகவே தோழியரே, நூலகத்தில் தூசி படிந்திருக்கும் அந்தப் புத்தகங்களை ஆங்கிலப் புள்ளிக்காக மட்டும் எடுக்காதீர்கள். சுருக்கப் பதிப்பானாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டை அதில் தேடி வாசியுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கு இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மனிசனுக்கு அஞ்சும் பொம்புளப் புள்ளயளா மகள்? வீடு எத்தின?" என்றார்.

"ஒண்டுதான் வாப்பா. அதுவும் புள்ளயளுக்கு இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாவம், அவர் எந்தக் கத்தாருக்குப் போவாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான், கூரை பிந்தினாலும் பரவாயில்லை, நான் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.