கோபிக்குச் சிரிப்பு, ராதிகாவுக்குச் சாபம்

எங்கள் துறையின் ஓய்வறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஓர் ஆண்டுக்கும் மேலாக ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளி ராதிகா. 'பாக்கியலட்சுமி' தொடரில் கோபி இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், வகுப்பில் பெண்ணெழுத்து நடத்துகிறவர்கள், டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரே குரலில் சொன்னார்கள்: "குடிகெடுத்தவ." ஊசி இடங்கொடுக்காமல் நூல் நுழையாதாம். சரி, நூலைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஐயோ மேடம், அந்தாளு மாட்டிக்கிட்டு முழிக்கிறதைப் பாக்கணுமே!" என்று சிரித்தார்கள்.

என் சண்டை அந்தச் சிரிப்போடுதான்.

கதையை நினைத்துப் பாருங்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவன் பழைய காதலியைச் சந்திக்கிறான். அவள் கணவனைப் பிரிந்து மகளோடு வாழ்கிறவள். பாக்கியாவும் ராதிகாவும் தோழிகளாகிறார்கள். தங்கள் பேச்சில் வந்துபோகும் ஆண் ஒருவனே என்று இருவருக்கும் தெரியாது. தெரிந்த ஆள் கோபி. பொய் அவனுடையது. ஆனால் அந்தப் பொய்யைத் தொடர் நமக்கு எப்படிக் காட்டியது? முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுவதாக, ஒளிவதாக, வேர்த்து வழிவதாக. இரண்டு பெண்களை ஏமாற்றுவது அங்கே நகைச்சுவைக் காட்சி. ராதிகா அவன் மனைவியானதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதன்பிறகு குற்றம் நடக்கிறது, குற்றவாளி பெண்.

இந்தக் கோபம் நம் சொந்தக் கோபம் என்று நம்புகிறோம். அதுவும் இல்லை. 2019இல் வங்காளத்தில் 'ஸ்ரீமொயீ' என்று தொடங்கிய கதை இது. எழுதியவர் லீனா கங்கோபாத்யாய். மேற்கு வங்க மகளிர் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். (அவரிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு.) மராத்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, தமிழ் என்று ஸ்டார் குழும அலைவரிசைகளில் இது மொழிக்கு மொழி மறு ஆக்கமாகிக்கொண்டே போனது. இந்தியில் 'அனுபமா'. அங்கே அவள் பெயர் காவ்யா. ஆக ஏழு மொழிகளில் பெண்கள் ஒரே பெண்ணைத் திட்டியிருக்கிறோம். பாக்கியா சமையலைத் தொழிலாக்கி எழுந்து நிற்பது எனக்கும் பிடித்தது, மறுக்கவில்லை. அவள் எழுந்து நிற்பதற்கு இன்னொருத்தி கீழே கிடக்க வேண்டும் என்பதுதான் பிடிக்கவில்லை.

தமிழாசிரியர்கள் நமக்குக் குறுந்தொகை 8ஆம் பாட்டு தெரியாததா? ஆலங்குடி வங்கனார் பாடியது, காதற்பரத்தை கூற்று. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டவள் பதில் சொல்கிறாள். எங்களிடம் வந்து பெரிதாகப் பேசியவன், தன் வீட்டில் மகனுடைய தாய் எதிரில் கண்ணாடிப் பாவை மாதிரி கையும் காலும் தூக்குகிறான் என்கிறாள். குத்தல் தலைவிக்கும் இருக்கலாம். கேலிக்கு ஆளாகிறவன் ஆண். சங்கப் பரத்தையை விடுதலைப் பெண்ணாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவளுக்குப் பேச ஒரு பாட்டு இருந்தது. தலைவியும் வாயில் மறுத்தது தலைவனுக்குத்தான். நாம் அவனுக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நின்று அவளைத் திட்டுகிறோம். சக்களத்தி என்ற சொல்லுக்கு ஆண்பால்கூட நம்மிடம் இல்லை.

என் பெரியம்மா இருபது ஆண்டுகள் ஒருத்தியைச் சபித்தாள். பெயர் சொல்ல மாட்டாள், "அவ" என்பாள். மாடு கன்று போடாவிட்டாலும் அவதான் காரணம். பெரியப்பா அங்கிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பினால் சுடச்சுடத் தோசை ஊற்றுவாள். வீடு பெரியம்மா பெயரில் இல்லை, அவளுக்குக் கூலி வருமானமும் இல்லை. பெரியப்பாவிடம் கத்தினால் மறுநாள் அரிசிக்கு எங்கே போவாள்? கத்தினாலும் நஷ்டம் வராத இடமாகப் பார்த்துக் கத்தினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

அந்த "அவ"ளுக்கு என்ன கிடைத்தது? மனைவி உயிரோடு இருக்கும்போது நடக்கும் இரண்டாம் கல்யாணம் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. பெரியப்பா இறந்த அன்று தெருமுனை வரை வந்தாள். முகம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஓடிப்போய் விரட்டினோம். விரட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பதினைந்து வயது. அம்மாவிடமிருந்து கற்ற ஒரு கெட்ட வார்த்தையை நானும் அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். ஆண்கள் யாரும் எழுந்து வரவில்லை, பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடர் 2025இல் முடிந்தது. முடிவதற்கு முன்பே ராதிகா மகளை அழைத்துக்கொண்டு கோபியை விட்டு விலகிப் போய்விட்டாள். மறுநாள் ஓய்வறையில் அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. "பாவம் மேடம், கோபி தனியாயிட்டான்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அப்போது அவன் பாக்கியாவின் வீட்டில் இருந்தான்.