படகுப் பயணப் பட்டியல் யார் கையில் இருக்க வேண்டும்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் கல்விச் சுற்றுலாப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. லூமுட்டிலிருந்து பங்கோர் தீவு, கோலக்கிள்ளானிலிருந்து கெத்தாம் தீவு, கோல பெர்லிசிலிருந்து லங்காவி எனத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் படகேறுகின்றனர். படகு என்றால் பயணிகள் பட்டியல் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. கடலில் ஏதேனும் நேர்ந்தால், எத்தனை பேர் ஏறினர் என்பதுதான் முதற்கேள்வி.

என் சினமெல்லாம் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வகுப்புப் புலனக் குழுவில் போடுகிறோமே, அதன் மீதுதான்! “பெயர் விடுபட்டிருந்தால் தெரிவிக்கவும்” என்ற ஒற்றை வரியோடு பிள்ளையின் பெயர், அடையாள எண், பெற்றோர் கைப்பேசி எண், வீட்டு முகவரி, நோய் விவரம் அனைத்தும் வந்து விழுகின்றன. ஒரு பெயரைச் சரிபார்க்க நாற்பது குடும்பங்களின் விவரத்தை நாற்பது குடும்பங்களுக்கும் வழங்குவது என்ன நியாயம்?

அடையாள எண் என்பது வெறும் எண்ணன்று. பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். கைப்பேசி எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மைகிட் அட்டையில் உள்ள எண்ணோ பிள்ளையின் ஆயுள் முழுதும் தொடரும். ஏழு வயதில் நாம் சிந்திய எண்ணைக் கொண்டுதான் அவன் பின்னாளில் வங்கிக் கணக்கும் திறப்பான்.

“நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே, ஆசிரியை?” என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கேட்க இனிமைதான். எனக்குத் தெரிந்த ஒரு தாய், அடிக்கும் கணவனிடமிருந்து பிரிந்து, புது எண்ணும் புது முகவரியுமாய் வாழ்ந்தவர். சுற்றுலாப் பட்டியல் குழுவில் வந்தது. கணவனின் உறவினர் ஒருவரும் அதே குழுவில் இருந்தார். இரண்டே நாளில் அவன் வாசலில் வந்து நின்றான். அந்தப் பிள்ளை பள்ளி மாற வேண்டியதாயிற்று, பங்கோரையும் பார்க்கவில்லை. எந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஐயா?

இன்னொரு வாதம் உண்டு. “2017இல் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்த நாடு இது. இனி மறைக்க என்ன இருக்கிறது?” என்பார்கள். இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் 2017இல் பிறந்திருக்கவே இல்லையே! அவர்களின் விவரத்தைக் கசியவிடும் பெருமையை நாம் ஏன் தேடிக்கொள்ள வேண்டும்? 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கடைவாசல் புத்தகங்களில் பெயரும் எண்ணும் எழுதினோம். அதன்பின் முகமறியா ஆடவரிடமிருந்து குறுஞ்செய்திகள் வருவதாகப் பெண்கள் புகார் செய்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? திறந்து கிடக்கும் பட்டியல் எதுவாயினும் கதை இதுவே.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கே உரியது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. சிங்கப்பூரிலோ, சட்டத் தேவை போன்ற காரணமின்றி அடையாள எண்ணை நிறுவனங்கள் கேட்கக் கூடாதென 2019 செப்டம்பர் முதல் விதி உண்டு. இங்கே நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நான்காம் வகுப்பு ஓவியப் போட்டிக்கும் அடையாள எண் கேட்கின்றன. ஓவியத்துக்கும் அதற்கும் என்ன உறவோ!

பட்டியல் யாருக்குத் தேவை? படகு நடத்துநருக்கு ஒன்று, உடன்செல்லும் பொறுப்பாசிரியருக்கு ஒன்று, கரையிலோ பள்ளியிலோ இருக்கும் ஒருவருக்கு ஒன்று. மூன்றாவதைத்தான் நாம் மறக்கிறோம். படகோடு பட்டியலும் மூழ்கினால் யாரைத் தேடுவது? எல்லார் கைப்பேசியிலும் இருப்பதால் பாதுகாப்பு என்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும். அவசர வேளையில் நாற்பது பேர் நாற்பது பேரை அழைத்தால் இணைப்பும் கிடைக்காது, செய்தியும் தெளியாது. நீச்சல் தெரியாத பிள்ளை யார், இழுப்பு நோய் உள்ள பிள்ளை யார், மிதவைச் சட்டை எந்த அளவு என்பன பொறுப்பாசிரியர் அறிய வேண்டியவை. அடையாள எண்ணை நடத்துநர் கேட்டால் அவருக்கு மட்டும் கொடுப்போம்.

பெயரைச் சரிபார்க்க வேண்டுமா? ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். புலனத்தில் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் வழியாக அறிவிப்பு அனுப்பினால், பெறுபவர் எவருக்கும் மற்றவர் எண் தெரியாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே அது சென்று சேரும் என்பதால், முதலில் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். சற்று வேலை கூடும்தான். மதிப்பெண் பதிவேட்டைப் பூட்டி வைக்கும் நமக்கு இது பெரிய வேலையா?

பழைய பட்டியல்கள் இன்னமும் குழுக்களில் கிடக்கின்றன. அனுப்பிய இரண்டு நாளுக்குள் நீக்கினால்தான் எல்லார் கைப்பேசியிலிருந்தும் அவை மறையும். அந்தக் கெடு தாண்டிய பட்டியல்களை அவரவர் கைப்பேசியிலிருந்து அழித்துவிடும்படி குழு நிருவாகிகள் இந்த வாரமே கேட்டுக்கொள்ள வேண்டும்.