பரம்பரை என்னும் சாக்கு

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்ற நம்பிக்கை, கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் மருத்துவத் தீர்ப்பாகவே வழங்குகிறது. மருத்துவ முகாமில் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். மீட்டர் 240 காட்டுகிறது. "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" "அப்பாவுக்கு இருந்துச்சு சார்." "அப்ப பரம்பரைதான்." அத்தோடு விசாரணை முடிந்து மாத்திரைச் சீட்டு கைக்கு வருகிறது. எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு தூக்கம் என்று கேட்பாரில்லை.

இந்த நம்பிக்கையை உடைக்கச் சென்னையின் கணக்கு ஒன்றே போதும். நகரத்துப் பெரியவர்களில் 1989இல் 8.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, 2004இல் 14.3 சதவீதம். இடையில் பதினைந்தே ஆண்டு. ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியாத அந்தக் காலத்தில் ஊர் முழுக்க மரபணு மாறிவிட்டதா? மாறியவை வேலை, நடை, தட்டு, தூக்கம்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு. மனித மரபுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த இருவரை ஒப்பிட்டாலும் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். ஓர் எழுத்தே தலையெழுத்தாகிவிடும் நோய்களும் இருக்கின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் மாற்றம் அந்த வகை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் நோய் உறுதி. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயையும் அதே வரிசையில் உட்கார வைப்பதுதான் பிழை. இதில் பங்குள்ள மரபிடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுள் வலுவானவற்றில் ஒன்றான டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாற்றம்கூட, ஒரு பிரதிக்கு அபாயத்தைச் சுமார் 1.4 மடங்காக்குகிறது, அவ்வளவே. அந்த மாற்றம் 1989இலும் சென்னையில் இருந்தது. அப்போது 8.3 சதவீதம்தான்.

இரவு ஷிப்ட்காரர்கள் அறிய வேண்டிய இன்னொரு மரபணு எம்டிஎன்ஆர்1பி. இருட்டியதும் உடலில் ஊறும் மெலடோனினுக்கு உரிய ஏற்பியை அது உண்டாக்குகிறது. அதில் ஓர் எழுத்து மாறியவர்களுக்குக் கணையத்தில் அந்த ஏற்பி கூடுதலாகிறது. மெலடோனின் ஏறியிருக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மட்டுப்படுகிறது. ஸ்பெயினில் நடந்த ஆய்வில், இம்மாற்றம் உள்ளவர்கள் நேரங்கழித்து உண்டபோது சர்க்கரை கட்டுப்பாடு கெட்டது; நேரத்தோடு உண்டபோது அந்தக் கேடு தென்படவில்லை. அதே ஆள், அதே மரபணு. சாப்பிட்ட நேரம் மட்டும் வேறு. ரோலிங் மில்லில் சி ஷிப்ட் பார்ப்பவர் நள்ளிரவு தாண்டிச் சோற்றைப் பிசைவது அப்பா எழுதிவைத்த உயில் அல்ல, மேலாளர் போட்ட ஷிப்ட் அட்டவணை. பரம்பரை என்று சொல்லிவிட்டால் அந்த அட்டவணையை யாரும் தொட வேண்டியதில்லை. நோய்க்குத் தொழிலாளியின் செத்துப்போன அப்பன் பொறுப்பேற்றுக்கொள்கிறான்.

வந்தே தீரும் என்பதும் பொய். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் மூன்றாண்டு கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளியாயினர். நடையும் உணவும் திருத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை.

பரம்பரை என்ற பயத்தை முதலாக்கி ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கும் மரபணுப் பரிசோதனைப் பொட்டலங்கள் வேறு. அவற்றுக்கு அடிப்படையான தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தமிழருக்கு அதே துல்லியத்தில் பொருந்தாது. பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் இதே கதைதான்: "அந்தக் குடும்பத்துல சுகர் இருக்கு" என்று சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிறார்கள். குடும்பம் பங்கிட்டுக்கொள்வது மரபணுவை மட்டுமா? ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் அரிசி, பல வீடுகளில் அப்பனும் மகனும் பார்க்கும் ஒரே ஆலை வேலை. 1989க்கும் 2004க்கும் நடுவே சென்னையில் கூடிய அந்த ஆறு சதவீதத்தை எந்தக் குடும்பத்தின் கணக்கில் எழுதுவார்கள்?