மாவுப்பூச்சிக்குச் சாதி தெரியாது

"காட்டை வெட்டிக் குச்சிக்கிழங்கு போட்டார்கள். மண் போச்சு, ஊற்று போச்சு. இப்போது பூச்சி வந்துவிட்டது என்று அழுகிறார்கள்." கொல்லிமலைப் பழங்குடி மக்களைப் பற்றிச் சமவெளியில் பேசப்படும் பேச்சு இது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் ஏறிக் கடந்து, ஆகாயகங்கையில் குளித்துவிட்டு இறங்குகிறவர்களின் பேச்சு. இதே ஆட்களில் சிலர் இன்னொன்றும் சொல்வார்கள்: "அந்தக் காலத்தில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தொழில் இருந்தது, ஒரு வளம் இருந்தது. அதனால் இயற்கை கெடாமல் இருந்தது." இரண்டு பேச்சும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்கிறோம் நாங்கள். சூழலியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு சூழலியலின் முதல் பாடத்தையே மறைக்கிற பேச்சுகள் இவை.

முதல் பாடம் எளிது. எந்த உயிரும் தனியாக வாழ்வதில்லை. ஒன்றைத் தொட்டால் பத்து அசையும்.

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று அரியூர் நாடு. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். இடையில் அவரை, துவரை. அவரையின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குள் கொண்டுவரும். அடர்ந்து நிற்கும் பயிர் மழைத்துளி மண்ணை அடிக்காமல் தாங்கும். பல பயிர் இருப்பதால் ஒரு பூச்சி எல்லாவற்றையும் தின்று தீர்க்க முடியாது. அதைத் தின்னும் சிலந்திக்கும் குளவிக்கும் பறவைக்கும் அங்கே இடம் இருக்கும். மேலே சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். கீழே பள்ளத்து நெல்வயலுக்குத் தண்ணீர் வரும். சோலை, ஊற்று, வயல், மனிதர் எல்லாம் ஒரே கட்டு.

அந்தக் கட்டைக் குலைத்தது யார்? சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காகச் சேலத்தில் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே தொடங்கப்பட்டது. சாமைக்கு அப்படி எந்த ஆலை மலையேறி வந்தது? எந்த நிலையான விலை வந்தது? குச்சிக்கிழங்கு கையில் காசு தந்தது. பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காசுதான் கேட்கிறார்கள், தினை கேட்பதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமையை உரலில் இட்டு உமி நீக்கிய கைகள் பெண்களின் கைகள். ரேஷன் அரிசி வந்தபோது அந்தப் பெண்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள் என்றால், அதைக் குற்றம் சொல்ல ஒருநாள்கூட உலக்கை பிடிக்காதவருக்கு என்ன தகுதி? ஐ.நா. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடையில் சாமைக்கு மவுசு கூடியது. உலக்கை பிடித்தவளின் கூலியைப் பற்றி யாரும் விழா எடுக்கவில்லை.

கிழங்கு மலைச்சரிவில் என்ன செய்கிறது என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. நட்ட முதல் மூன்று மாதம் இலை விரியாது, தரை வெறுமையாகக் கிடக்கும், மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பறிக்கும்போது மண்ணைக் கிளறித்தான் பறிக்க வேண்டும். குச்சியை வெட்டி நடுவதால் தோட்டம் முழுக்க ஒரே செடியின் நகல்கள். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

அப்படித்தான் வந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கும் பரவியது. நடுகுச்சியிலேயே ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும் பூச்சி அது. மருந்தடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சியும் சேர்ந்தே சாகும். தீர்வு வேறு இடத்தில் இருந்தது. 1981-இல் பராகுவேயில் கண்டெடுக்கப்பட்ட, கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், குஞ்சு அந்தப் பூச்சியை உள்ளிருந்தே தின்னும். ஆப்பிரிக்காவின் மரவள்ளியை 1980-களில் காப்பாற்றியது இந்தக் குளவிதான். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்ட அதே குளவி, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

பூச்சிக்கும் குளவிக்கும் சாதி தெரியாது. ஆனால் இழப்புக்குத் தெரியும். கிழங்கு அழிந்தால் ஆலை வேறு ஊரில் கிழங்கு வாங்கும். மலையில் இருப்பவருக்குக் கடன் மட்டும் மிஞ்சும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக 2008 வரை கொல்லிமலையை வெட்டி பாக்சைட் எடுத்தார்கள். மலையின் தலையைச் சீவியவர்களைக் "காடழித்தவர்கள்" என்று யாரும் திட்டுவதில்லை. இரண்டு ஏக்கரில் கிழங்கு போட்டவருக்குத்தான் அந்தப் பட்டம்.

இப்போது இரண்டாவது பேச்சுக்கு வருவோம். இது திண்ணைப் பேச்சு மட்டுமல்ல. 1983-இல் மாதவ் காட்கிலும் கைலாஷ் மல்ஹோத்ராவும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரே இடத்தில் வாழும் உயிரினங்கள் வளங்களைப் பங்கிட்டுக்கொள்வதுபோலச் சாதிகளும் பங்கிட்டுக்கொண்டன, அதனால் போட்டி குறைந்தது, வளம் காக்கப்பட்டது என்பது அதன் சாரம். காட்கில் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. 2011 மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையில் கிராம சபைக்கு அதிகாரம் கேட்டவர் அவர். ஆனால் இந்த வாதத்தை நாங்கள் ஏற்க மாட்டோம்.

மரங்கொத்தி மரத்தைக் கொத்துகிறது, மீன்கொத்தி மீனைப் பிடிக்கிறது. இரண்டும் வேறு வேறு இனம். நாங்களும் நீங்களும் ஒரே இனம். மீன்கொத்தி மரத்தில் உட்கார்ந்தால் மரங்கொத்திகள் கூடி அதன் குடிசையைக் கொளுத்துவதில்லை. மனிதரை உயிரினம் உயிரினமாகப் பிரித்தது இயற்கை அல்ல. அகமண விதியும் அதை மீறினால் விழும் அரிவாளும்தான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவரையே மேல் கீழாகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936-லேயே காட்டிவிட்டார். அதற்கும் முன்னால், 1927-இல், மகாத் குளத்தில் அவர் இறங்கியது எதற்காக? அந்தக் குளத்தில் மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், பறவை குடிக்கலாம். தீண்டத்தகாதவர் குடிக்கக் கூடாது. எந்தக் காட்டில் இப்படி ஒரு விதி உண்டு? செத்த மாட்டைச் சுமக்கவும் மலக்குழியில் இறங்கவும் ஒரு கூட்டத்தைப் பிறப்பால் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குச் 'சமநிலை' என்று பெயர் சூட்டுவது அறிவியல் ஆகாது.

மலைக்காரரைக் குற்றவாளி ஆக்குவதும், சாதியை இயற்கை ஆக்குவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முடிவெடுத்தவரை மறைத்துவிட்டு, சுமந்தவர் மீது பழியையோ விதியையோ ஏற்றுகின்றன.

இது வெறும் கருத்துச் சண்டை அல்ல. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பட்டா வழங்கல் முடங்கி, 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தடை நீங்கியது. 2019 பிப்ரவரி 13-இல், வனவிலங்கு அமைப்புகள் தொடுத்த வழக்கில், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் பிப்ரவரி 28-இல் அதை நிறுத்தி வைத்தது. காட்டைக் காக்கிறோம் என்றவர்கள்தான் காட்டு மக்களை விரட்டக் கேட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். பழங்குடி அல்லாத வனவாசியோ, தலித்தானாலும், 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பஞ்சமி நிலத்தின் காகிதத்தையே பறிகொடுத்த எங்களிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு கிராமம்கூட அறிவிக்கப்படவில்லை. அந்தக் காப்பு கொல்லிமலைக்கும் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். அரியூர் நாடு முதல் கொல்லிமலையின் எல்லா நாடுகளிலும் சோலையைக் காக்கும் சமூக வன உரிமையைக் கிராம சபைகளின் கையில் கொடுங்கள். சாமைக்கும் தினைக்கும் அரசு விலை வைத்து ரேஷனுக்கு வாங்குங்கள். உமி நீக்கும் இயந்திரத்தை ஊர்தோறும் பெண்கள் குழுக்களுக்குக் கொடுங்கள். கொல்லிமலையை ஐந்தாவது அட்டவணையில் சேருங்கள்.

அவரைக்கொடி சாமைக்கு அடிமையாக நிற்பதில்லை. இரண்டும் ஒரே மண்ணில் நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன. சூழலியலிலிருந்து சமூகத்துக்குப் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.