ஒற்றைக் காற்றுத் தூணை ஓரங்கட்டலாமா?

வானிலை, காலநிலைக் கணிப்புக்காக ‘அர்க்கா’, ‘அருணிகா’ என்ற இரு மீத்திறன் கணினித் தொகுதிகள் 2024 செப்டம்பரில் புணேயிலும் நொய்டாவிலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. செலவு 850 கோடி ரூபாய். அதே மாதம், வெள்ளிக் கோளுக்கு விண்கலம் அனுப்பும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெரிய கணினியும் வேண்டும், விண்கலமும் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இவை தரும் எண்களைப் புரிந்துகொள்ளப் பழக்கும் மலிவான கருவி ஒன்று உண்டு. ஒற்றைத் தூண் மாதிரி என்ற அந்தக் கருவிக்கு இயற்பியல் வகுப்பறையில் உரிய இடம் கொடுத்தாக வேண்டும்.

முப்பரிமாணக் காலநிலை மாதிரி, கோள் முழுவதையும் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் காற்று, ஈரம், மேகம் எல்லாவற்றையும் கணக்கிடும். ஒற்றைத் தூண் மாதிரிக்கு ஒரே கட்டம் போதும். தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை அடுக்கடுக்காக நிற்கும் ஒரு காற்றுத் தூண். அக்கம்பக்கம் எதுவும் கிடையாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற அதே துணிச்சல்தான்.

ஈர்ப்பு விசை, தரையழுத்தம், வாயுக்களின் விகிதம், விண்மீனிலிருந்து வரும் ஒளி, அதில் தரை திருப்பியனுப்பும் பங்கு ஆகியவற்றைக் கொடுத்து, ஏதோ ஒரு வெப்பநிலையில் நிரலை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு காலப் படியிலும் அடுக்குகள் கதிர்வீச்சை விழுங்கும், உமிழும். கீழடுக்கு மிதமிஞ்சிச் சூடானால் காற்று மேலெழுந்து கலக்கும். உச்சியில் வரவும் செலவும் சமமாகும்போது கோளின் வெப்பநிலை கிடைத்துவிடும். இன்று இதற்கு ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

இந்தச் சின்னக் கணக்குதான் காலநிலை அறிவியலின் அடித்தளக் கற்களில் ஒன்று. 1967-ல் அமெரிக்காவில் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் ஒற்றைத் தூணில் கார்பன் டை ஆக்ஸைடை பத்து லட்சத்தில் 300 பங்கிலிருந்து 600 பங்காக உயர்த்திப் பார்த்தார்கள். தரை 2 டிகிரி செல்சியஸுக்குச் சற்று அதிகமாகச் சூடானது; மேலே அடுக்கு மண்டலமோ குளிர்ந்தது. சூரியன் பிரகாசமானதால் பூமி சூடாகிறது என்றால் அடுக்கு மண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துவருவதைப் பின்னாளில் செயற்கைக்கோள்கள் உறுதிசெய்தன. 2021-ல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தபோது, நோபல் குழு முன்னிறுத்திய பணிகளில் இந்தத் தூணும் இருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது கோள்களின் வளிமண்டலத்தை. அங்கே பழகிய கதிர்வீச்சுக் கணக்கைப் பூமிக்குத் திருப்பினார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் மூலக்கூறு ஒன்று, கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறைப் போல 10,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-ல் காட்டினார். 1978-ல் ஜேம்ஸ் கோக்லியுடன் சேர்ந்து இவ்வகை மாதிரிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, துறைக்குள் நுழைவோருக்கு இன்றும் நல்ல வாசல்.

மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக வெள்ளியையே கொடுக்கலாம். சூரியனுக்குப் பூமியைவிட நெருக்கமாக இருந்தும், அது உட்கொள்ளும் சூரிய ஆற்றல் பூமியைவிடக் குறைவு: பூமிக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 240 வாட், வெள்ளிக்குச் சுமார் 160 வாட். அதன் மேகங்கள் முக்கால் பங்கு ஒளியைத் திருப்பியனுப்பிவிடுகின்றன. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் இந்த ஆற்றலுக்கு வெள்ளியின் தரை மைனஸ் 40 டிகிரி அளவில்தான் இருந்திருக்கும். இருப்பதோ 460 டிகிரி. பூமியைப் போல 90 மடங்குக்கு மேல் அழுத்தமுள்ள அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடுதான் பெரும்பகுதி. ஆனால் தூணில் அதை மட்டும் நிரப்பினால் கணக்கு 460-ஐ எட்டாது. சொற்ப அளவிலுள்ள நீராவியையும் கந்தக டை ஆக்ஸைடையும் மேகங்களையும் சேர்த்த பிறகே, வெப்பம் தப்பிச்செல்லும் சந்துகள் அடைபடுகின்றன. எந்த வாயு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தே மாணவர் கண்டுபிடித்துவிடலாம்.

தூண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். அணு ஆயுதப் போரின் புகை சூரியனை மறைத்தால் கண்டங்களின் உட்பகுதி உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும் என்று கார்ல் சேகன் உள்ளிட்ட ஐவர் 1983-ல் சொன்னது ஒற்றைத் தூணை வைத்துத்தான். கடலின் வெப்பத்தைக் காற்று நிலத்துக்குக் கொண்டுவரும் முப்பரிமாண மாதிரியில், 1986 வாக்கில், அந்தக் கடுங்குளிர் வெகுவாகத் தணிந்தது. எவ்வளவு காலம் குளிரும், பயிர்கள் என்னவாகும் என்பது இன்றும் தொடரும் ஆய்வு.

வேற்று விண்மீன்களின் கோள்களிலும் இதே கதை. எந்தத் தொலைவில் நீர் திரவமாக நிற்கும் என்ற எல்லையை 1993-ல் ஜேம்ஸ் காஸ்டிங் குழு வகுத்தது தூண் மாதிரியைக் கொண்டே. ஆனால் ஒரே முகத்தை எப்போதும் விண்மீனுக்குக் காட்டும் கோளில் பகல் பக்கம் அடர்ந்த மேகம் திரண்டு ஒளியைத் தடுக்கும். ஆகவே கோள் இன்னும் நெருங்கி இருந்தாலும் தாங்கும் என்று 2013-ல் முப்பரிமாணக் கணக்கு காட்டியது. பகலும் இரவும் வேறு வேறு உலகமாக இருக்கும் இடத்தில் ஒரு சோறு பதம் சொல்லாது.

இதனால் தூணைத் தூக்கிப்போட்டவர்கள் யாருமில்லை. செவ்வாய், வெள்ளி, டைட்டன், புளூட்டோ ஆகியவற்றுக்கு மாதிரிகள் உருவாக்கிய பாரிஸ் ஆய்வாளர்கள், பெரிய மாதிரியின் அதே கதிர்வீச்சு, மேக நிரல்களை ஒற்றைத் தூணிலும் ஓட்டும் வசதியை வைத்திருக்கிறார்கள். பிழை பெரிய மாதிரியின் காற்றோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டால் பிடிப்பது பெரும்பாடு. தூணில் அது சீக்கிரம் அம்பலமாகும்.

முதுநிலை இயற்பியல் பாடத்திட்டத்தில் ஒரு பருவத்துக்கு இதைச் செய்முறையாக வைக்கத் தடையாக எதுவுமில்லை. இலவச நிரல்கள் கிடைக்கின்றன. கணினி ஆய்வகங்கள் இருக்கின்றன. வெள்ளி விண்கலம் 2028-ல் புறப்படுவதாகத் திட்டம். இந்த ஆண்டு முதுநிலையில் சேருபவர், அதன் தரவு வரும் நேரத்தில் ஆய்வு மாணவராக இருப்பார். தன் கையால் ஒரு வெள்ளியைச் சூடேற்றிப் பார்த்த பின் அவர் அந்தத் தரவைத் தொடட்டும்.